திருகுப் பம்பும் நகரக் கழிவுநீரும்
கடலூர், சிதம்பரம் பகுதி நிலங்களை முன்னிட்டு

கெடிலத்திற்குத் தெற்கே கொள்ளிடம் வரையில் கடலையொட்டிக் கிடக்கும் நிலங்களுக்கு நீரினால் உண்டாகும் கஷ்டம் இருவகைப்பட்டது. ஆடியில் கடைமடைக்கு ஜலம் வந்து சேருவதில்லை. ஐப்பசியில் வந்த ஜலம் வெளியே போவதில்லை. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கு வந்து, அங்கிருந்து பல வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடும் ஜலம் சிதம்பரத்திற்குக் கிழக்கேயுள்ள கிராமங்களை அடையும்போது மிகவும் சுருங்கிவிடுகிறது. அதே கிராமங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கினாலோ, கடல் ஏற்றத்தால் வடிகால்களின் முகம் அடைபட்டு, நட்ட சம்பாப் பயிர் நாட்கணக்கில் மூழ்கிக் கிடக்கிறது. 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெய்த பெருமழையில் கடலூர் ஜில்லா அடைந்த சேதத்தை இப்பகுதிக் குடியானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இவ்விரண்டோடு மூன்றாவது கஷ்டமொன்றும் சேர்ந்திருக்கிறது. நகரங்கள் பெருகப் பெருக, அவற்றின் கழிவுநீரும் பெருகுகிறது. சுத்தி செய்யப்படாத கழிவுநீர் எந்த ஓடையில் விழுந்தாலும் அது கடைசியில் தாழ்ந்த நிலத்துக்கே வந்து சேரும். தாழ்ந்த நிலமோ பெரும்பாலும் நெல் வயலாகும். ஆகவே கழிவுநீரை எவ்வாறு ஏற்றிச் சுத்தி செய்கிறார்கள் என்பது நகரசபைக்கு மட்டும் உரிய விஷயமன்று. நீர் குறைந்த காலத்தில் அதைப் பாசனத்திற்கு ஏற்கலாமா என்று யோசிக்கும் மிராசுதாரரும், அதைப் பற்றிக் கருத்துரைக்க வேண்டிய கிராம அதிகாரியும் அதன் முறையை ஓரளவு தெரிந்திருப்பது நலம். இக்காரியத்தில் உலகெங்கும் உபயோகப்படும் சாதனங்களுள் மிகப் பழமையானது திருகுப் பம்பு. வடிகால் இறைப்புக்கும் அதுவே ஏற்றதாயிருப்பதால், இரு உபயோகங்களையும் சேர்த்தே இங்கு விவரிக்கப்படுகிறது.

திருகில் நீர் ஏறும் விதம்

ஏற்றத்திலும் கவலையிலும் நீர் ஒரு பாத்திரத்தில் அள்ளப்பட்டு மேலே வருகிறது. சால் நிறைவதும், ஏறுவதும், கவிழ்வதும் கண்ணுக்குத் தெரியும். மின்சார மோட்டாருடன் கூடிய சாதாரணச் சுழற்பம்பில் நீர் வேகமாக வீசப்பட்டு, அந்த வேகமே அழுத்தமாக மாறிக் குழாயில் ஏறுகிறது. திருகுப் பம்பு இவ்விரண்டில் முதல் வகையைச் சேர்ந்ததென்றே கொள்ள வேண்டும். அதுவும் அள்ளியே ஏற்றுகிறது. ஆனால் அள்ளும் பாத்திரம் தனியாக ஒன்றுமில்லை.

சாய்வாக வைக்கப்பட்ட ஒரு பருத்த தண்டைச் சுற்றி, மாடிப்படி சுழன்று ஏறுவதுபோல், ஒரு தகடு சுற்றிச் சுற்றி ஏறுகிறது. தண்டும் தகடும் அரைவட்டமான ஒரு தோணியில் படுத்திருக்கின்றன. கீழ்முனை நீரில் மூழ்கியிருக்கும். தகட்டின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே, தோணியின் அடியில், ஒரு சிறு குட்டை போல் நீர் தேங்குகிறது. தண்டு சுழலும்போது தகடு தானே மேலே நகருவதில்லை; ஆயினும் இரண்டு சுற்றுகளுக்கு இடையேயுள்ள பள்ளமான இடம் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. நீர் எப்பொழுதும் போல் பள்ளத்தையே நாடுகிறது. இங்கே பள்ளமே மேலேறுகிறது. இவ்வாறு குட்டைக்குப்பின் குட்டையாக ஏறிய நீர் மேல்முனையில் கால்வாயில் கவிழ்கிறது.

இதை நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்றடி மூங்கிற் கழியொன்றில் அரையங்குல ரப்பர்க் குழாயை நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, கழியைச் சாய்த்து, குழாயின் கீழ்வாய் தொட்டி நீரைச் சுற்றுக்கொரு முறை முகக்கும்படி திருப்பிக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் மேல்வாயில் நீர் சொட்டத் தொடங்கும். கழியை மிகவும் நிமிர்த்திவிட்டால் ஒரு சொட்டும் வராது. சாய்வு எவ்வளவு முக்கியமென்பது இதிலிருந்தே விளங்கும். கிராமப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டத் தகுந்த சோதனை இது.

இக்கருவி கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்குகிறது. அவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டினர். அவருக்கு முன்பே அது இருந்ததென்று கூறுவோரும் உண்டு. எகிப்து தேசத்தில் நைல் நதியின் கழிமுகத்தில், காவிரிக் கழிமுகத்தைப் போலவே வாய்க்கால் நீர் வயலைவிடச் சிறிது தாழ்ந்திருக்கும் இடங்களில், குடியானவர்கள் மரத்தாலான சிறு திருகைக் கையாற் சுழற்றி நீர் இறைத்து வந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியச் சிற்பி விட்ருவியஸ் அதைச் செய்யும் முறையை விரிவாகக் கூறியிருக்கிறார். தண்டின்மேல் மெல்லிய கொம்புகளைக் கீல் பூசிச் சுற்றி எட்டுச் சுற்று வழிகள் அமைத்து, மேலே பலகை போர்த்து இரும்புப் பட்டமிட வேண்டுமாம். நீளத்தை ஐந்து பாகமாக்கி, மூன்று பாக உயரத்திற்குத் தலைப்பைத் தூக்கவேண்டும் என்பது அவர் விதித்த சாய்வு. இது சுமார் 37 பாகையாகிறது. இன்றைய கம்பெனிகள் 30 முதல் 38 பாகைக்குள் அமைப்பதைப் பார்த்தால், இரண்டாயிரம் ஆண்டுகளில் இந்த ஓர் அளவு அதிகம் மாறவில்லை எனலாம். அக்காலத்தில் ஆட்கள் மிதித்தே அதைச் சுழற்றினர். ஏற்றத்தில் ஏறி மிதித்தவர்களுக்கு அந்த உழைப்பு இன்னதென்று சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் ஹாலந்து தேசத்தில் கடல் மட்டத்திற்குத் தாழ்ந்த நிலங்களைக் காக்கக் காற்றாலைகளோடு இத்திருகு இணைக்கப்பட்டது. காற்றாலைகளுக்குப் பெயர்போன கிண்டர்டைக் என்னுமிடத்திலும் இப்பொழுது வடிகால் வேலையைச் செய்வது பெரிய எஃகுத் திருகுகளே.

அளவுகளும் அமைப்பும்

தற்காலத்துத் திருகின் தண்டு உள்ளே கூடான எஃகுக் குழாய். அதன்மேல் ஒன்று, இரண்டு அல்லது மூன்று தகடுகள் இணையாகச் சுற்றிப் பற்றவைக்கப்படும். தகடுகளின் வெளி விட்டத்தில் ஏறக்குறைய பாதி, தண்டின் விட்டமாயிருக்கும். சாய்வு 30 பாகையானால், நீரை ஏற்றவேண்டிய உயரத்தைப் போல் இருமடங்கு நீளமும், அதற்குமேல் கீழ்முனை நீரில் அமிழ்வதற்குச் சிறிது நீளமும் தேவைப்படும். சாய்வைக் கூட்டினால் நீளமும் கட்டிடச் செலவும் குறையும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறும் நீரும் குறையும்.

வேகம் மிகவும் குறைவு. ஒரு மீட்டர் விட்டமுள்ள திருகு நிமிஷத்திற்குச் சுமார் 50 சுற்றுக்குமேல் சுழலலாகாது. இரண்டு மீட்டர் விட்டமானால் சுமார் 31 சுற்றே போதும். அதற்குமேல் ஓட்டினால் நீர் தண்டைத் தாண்டித் தெறித்துப் பின்னுக்கு வழியும். மோட்டார் நிமிஷத்திற்கு ஆயிரத்தைத் தாண்டிச் சுழல்வதால், இடையே பல்சக்கரப் பெட்டி அவசியமாகிறது.

தோணி பெரும்பாலும் சிமிட்டிக் காரையால் ஆனது. அதைப் பூசும் விதம் ரசமானது. கட்டிடத்தில் திருகை முதலில் பொருத்தி, தகட்டின் விளிம்பில் ஒரு சட்டத்தைக் கட்டி, ஈரக் காரையின்மேல் மெதுவாகச் சுழற்றுகிறார்கள். திருகு தன் தோணியைத் தானே வழித்துக்கொள்கிறது. இவ்வாறு செய்தாலன்றித் தகட்டிற்கும் காரைக்கும் இடையேயுள்ள சந்து ஒரே அளவாக அமைவது கடினம். ஒரு மீட்டர் விட்டத்திற்கு அந்தச் சந்து நாலரை மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டும். சந்து பெருத்தால் ஏறின நீரில் ஒரு பங்கு திரும்பிக் கீழே ஒழுகும். சிறுத்தால் தகடு காரையில் உராயும்.

உஷ்ணதேசத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஓடாமல் வெயிலில் கிடக்கும் நீண்ட எஃகுத் தண்டு, மேற்புறம் மட்டும் சூடேறுவதால் வில்லைப்போல் சிறிது வளைகிறது. அந்த நிலையில் மோட்டாரைப் போட்டால் நடுப்பாகம் தோணியைக் கிழிக்கும். ஆதலால் மேலே கூரையிடுவதோ, ஓட்டுமுன் நீர் தெளித்துத் தண்டைக் குளிரச் செய்வதோ வழக்கம். சித்திரை வெயிலில் கடலூர்ப் பக்கத்தில் கூரையில்லாத திருகை நினைக்கவும் கூடாது.

நிறுத்தும்போதும் எச்சரிக்கை வேண்டும். சுற்றுகளுக்கிடையே நிற்கும் நீர் கீழே இறங்கும்போது திருகைத் தலைகீழாகச் சுழற்றும். இதைத் தடுக்கப் பின்னோட்டத் தடை வைக்கப்படுகிறது. ஐரோப்பாவில் இந்தத் தலைகீழ்ச் சுழற்சியையே பயனாக்கி, ஆற்றுச் சிற்றணைகளில் இத்திருகைக்கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள் என்பது இடைப்பிறவரல்.

கழிவுநீர் நிலையத்தில் திருகின் இடம்

சாக்கடைக் குழாய்கள் தாமே ஓடும்படி சாய்வாகப் பதிக்கப்படுகின்றன. கடலூரும் சிதம்பரமும் போன்ற சமதரையான ஊர்களில், குழாய் ஊரைக் கடந்து எல்லையை அடையும்போது வெகு ஆழத்திற்குப் போய்விடும். தரையடி நீரும் அங்கே உயரத்திலிருப்பதால் ஆழமாகத் தோண்டுவதும் கஷ்டம். ஆகையால் இடையிடையே நீரை ஏற்றி மீண்டும் ஓடவிட வேண்டும். சுத்தி நிலையத்தின் வாயிலில் கடைசியாக ஒருமுறை ஏற்றவேண்டும். அங்கிருந்து தொட்டிக்குத் தொட்டி அது தானாக இறங்கிச் செல்லும்.

இந்த வாயிலேற்றத்துக்குத் திருகு பொருத்தமானதற்குக் காரணம் சாக்கடையின் இயல்பே. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்குமேல் நீர்தான். ஆனால் மீதியுள்ள சிறு பங்கில் கந்தல், தேங்காய் நார், வாழைச் சருகு, மணல், பிளாஸ்டிக் பைகள் எல்லாம் அடக்கம். சுழற்பம்பின் குறுகிய வாயில் இவை அடைத்துக்கொள்ளும். திருகிலோ வாய் என்பதே இல்லை. குட்டையில் எது மிதந்தாலும் அது நீரோடு ஏறிப் போகிறது.

மேலும், ஊரார் காலையிலும் மாலையிலும் அதிகமாகவும் நள்ளிரவில் சொற்பமாகவும் நீரைக் கழிக்கிறார்கள். சுழற்பம்பை இதற்கேற்ப அடிக்கடி நிறுத்தி ஓட்டவேண்டும். திருகு, வரும் நீரைப் பொறுத்து ஏற்றும் நீரைத் தானே குறைத்துக்கொள்கிறது. வாயில் நீர்மட்டம் தாழ்ந்தால் குட்டைகள் அரையாக நிறையும். மோட்டார் இழுக்கும் மின்சாரமும் அதற்குத் தக்கபடி குறையும். நீரே வராவிட்டாலும் வெறுமனே சுழல்வதால் கெடுதலில்லை. நல்ல நிலையிலுள்ள திருகு, செலவிடும் சக்தியில் நூற்றுக்கு 70 முதல் 75 பங்கு வரை நீரை ஏற்றுவதில் பயனாக்குகிறது.

நிலையத்தின் உட்புறத்தில் திருகுக்கு மற்றொரு வேலையும் உண்டு. அதுவே நுட்பமானது. 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர், கழிவுநீரில் காற்றை ஊட்டி, அதில் விளையும் நுண்ணுயிர்க் கசடை வெளியே எறியாமல் திரும்பத் திரும்பச் சேர்த்துவந்தால், நீர் சில மணி நேரத்தில் தெளிவதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அவர்களைத் தூண்டிய பேராசிரியர் கில்பர்ட் பவுலர் என்பவரே 1916ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு வந்து ஆராய்ச்சி செய்தார். இம்முறையை விளக்கத் தயிருக்கு ஊற்றும் உறைமோரே போதுமான உதாரணம். நேற்றைய தயிரில் ஒரு கரண்டியை இன்றைய பாலில் விடுவதுபோல், தெளிந்த தொட்டியின் அடியிற் படிந்த கசடில் ஒரு பங்கைப் புதிதாக வரும் கழிவுநீரில் கலக்கிறார்கள். அந்தக் கசடு மெல்லிய பஞ்சுத் திரள்களாக இருக்கும். வேகமான பம்பில் அடிபட்டால் திரள் உடைந்து, பிறகு எளிதில் படியாமல் நீரோடு மிதந்து போய்விடும். திருகு அதைக் கலக்காமல் தூக்கித் தருகிறது. கசடைத் திருப்பியனுப்பும் இவ்வேலைக்காகவே பல நிலையங்களில் திருகு வைக்கப்படுகிறது.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. திருகு திறந்த தோணியில் நீரை உருட்டி ஏற்றுவதால் துர்நாற்றம் வெளிப்படும். மூடியிட்டுக் காற்றை வேறு வழியாகக் கழிக்கவேண்டும். இடமும் கட்டிடமும் அதிகம். ஒரே திருகால் சாதாரணமாக 20, 25 அடிக்குமேல் ஏற்றுவதில்லை. நெய்வேலியில் 1956ல் ஏற்பட்ட கம்பெனியார், பழுப்பு நிலக்கரிக்கு அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் ஊற்று நீரை ஓயாமல் இறைத்து வருகிறார்கள். அத்தகைய ஆழத்திற்குத் துளைக்கிணற்றுப் பம்பே வேண்டும், திருகு உதவாது. எல்லாவற்றிலும் பெரிய குறை அதன் கீழ்ப் பேரிங். அது எப்பொழுதும் அழுக்கு நீரில் மூழ்கி, மணலோடு போராடுகிறது. கிரீஸ் செலுத்தும் சிறு குழாய் அடைபட்டதைப் பார்க்காமல் விட்ட இடங்களில், இருபது ஆண்டு உழைக்க வேண்டிய யந்திரம் சில மாதங்களில் நின்றுவிடும். யந்திரம் பழைமையானது, எளியது என்று சொல்லப்படுவதால் பராமரிப்பும் வேண்டாமென்று நினைப்பது தவறு.

சுத்தி செய்த நீரை வயலுக்கு ஏற்கலாமா?

பத்தாயிரம் ஜனங்கள் உள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டுமென்றும், அதில் நூற்றுக்கு 80 பங்கு கழிவாகத் திரும்புமென்றும் இந்தியாவில் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதன்படி நாள்தோறும் பத்து லட்சத்து எண்பதினாயிரம் லிட்டர் கழிவுநீர் கிடைக்கும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் நிறுத்த ஒரு லட்சத்துச் சொச்சம் லிட்டர் வேண்டும். நெல்லுக்கு நாளொன்றுக்கு மூன்றிலொரு அங்குலம் வேண்டுமென வைத்தால், அந்நீர் சுமார் 30 ஏக்கருக்குப் போதும். இது பெரிய பாசனமன்று. ஆனால் வாய்க்கால் அடைத்திருக்கும் மாதங்களிலும் தவறாமல் வரும் நீர் இது ஒன்றே.

எருவின் கணக்கையும் பார்க்கவேண்டும். சுத்தி செய்தபின் லிட்டருக்கு 30 மில்லிகிராம் தழைச்சத்து மீந்திருந்தால், ஓர் ஏக்கர் அங்குலம் நீருடன் சுமார் 3 கிலோ தழைச்சத்து வயலுக்குச் சேரும். இருபது அங்குலம் பாய்ச்சினால் 60 கிலோ. நெற்பயிருக்கு அதுவே நிறைவு. அதற்குமேல் யூரியாவும் போட்டு, இந்நீரையே அறுவடை வரையில் கட்டினால் பயிர் இலையோடிக் கருத்துச் சாயும். பழுப்புத் தத்துப்பூச்சியும் பெருகும். கழிவுநீர் பாய்ந்த வயலில் விளைச்சல் கெட்டதாகச் சொல்லப்படும் சில இடங்களில், கெடுத்தது நீரின் அழுக்கு அன்று, அதன் கொழுப்பே என்பது கவனிக்கத்தக்கது. நல்ல நீரோடு பாதிக்குப் பாதி கலந்து பாய்ச்சுவதும், மேலுரத்தை அதற்கேற்பக் குறைப்பதும் உசிதம். கரும்பு, தீவனப்புல், சவுக்கு ஆகியவை இந்நீரை நெல்லைவிட நன்றாக ஏற்கும். சம்பா அறுத்தபின் ஈரத்தில் விதைக்கும் உளுந்துக்கு இதைப் பாய்ச்சுவதில் லாபமில்லை. அதற்குத் தழைச்சத்து பெரிதாக வேண்டியதுமில்லை.

அபாயங்கள் வேறு. சரியாகச் சுத்தி செய்யாத நீரில் நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு முதலியவற்றின் முட்டைகள் இருக்கும். கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடம்பில் ஏறுவதால், நடவுப் பெண்களும் மடை திறப்பவர்களுமே முதலில் துன்பப்படுவார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 1989ல் வெளியிட்ட விதிப்படி, பச்சையாகத் தின்னும் காய்கறிகளுக்குப் பாயும் நீரில் லிட்டருக்கு ஒரு புழுமுட்டைக்குமேல் இருக்கலாகாது. 100 மில்லிலிட்டரில் மலக்கிருமிகள் ஆயிரத்துக்குமேல் இருக்கலாகாது. இவ்வளவு சுத்தம் நிச்சயமாகத் தெரியாத வரையில் கீரை, வெள்ளரி, முள்ளங்கி, கொத்துமல்லி இவற்றுக்கு இந்நீரை விடாதிருப்பதே சரி. நம் நாட்டுச் சட்டப்படி ஆற்றிலோ ஓடையிலோ விடும் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. நிலையத்தார் தரும் சோதனைத் தாளில் முதலில் பார்க்கவேண்டிய எண் இதுவே.

கடற்கரை ஊர்களுக்கு உரிய விசேஷ அபாயம் உப்பு. தரையடியில் உவர்நீர் உயரத்தில் நிற்கும் இடங்களில், பழைய சாக்கடைக் குழாய்களின் இணைப்புகள் வழியாக அது உள்ளே கசிந்துவிடும். கழிவுநீரைச் சுத்தி செய்யும் சாதாரண முறைகள் எதுவும் உப்பை நீக்குவதில்லை. நீரின் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன் அளவைத் தாண்டினால், ஏற்கெனவே உவர் தட்டியுள்ள கிழக்குச் சிதம்பரப் பகுதி நிலங்களுக்கு அது கொஞ்சமும் ஆகாது. தொழிற்சாலைக் கழிவு கலந்த நீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவதே தகும்.

வடிகால் இறைப்பில் திருகு

மிராசுதாரர்களுக்கு நேரே பயன்படக்கூடியது இதுவே. மூழ்கிய வயலில் உயரம் மிகக் குறைவு, நீர் மிக அதிகம். மிதக்கும் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் ஏராளம். சுழற்பம்பின் குணத்துக்கு மாறான இந்நிலைமை திருகுக்கு அனுகூலமானது.

கேரளத்தில் குட்டநாட்டுக் காயல் நிலங்களில் இதே தேவைக்கு வேறொரு சாதனம் வழங்கி வருகிறது. ஆலப்புழையிலிருந்த ஜார்ஜ் பிரண்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1918ல் ஏற்படுத்திய 'பெட்டியும் பறையும்' என்பது அது. மரப் பறைக்குள் விசிறி போன்ற சக்கரம் சுழன்று நீரைத் தள்ள, அது பெட்டி வழியாகக் கரைக்கு அப்பால் விழுகிறது. உள்ளூர்த் தச்சரே பழுது பார்க்கலாம் என்பதால் அது நிலைத்தது. ஆனால் மின்சாரச் செலவு மிகுதி. திருகு நீரைத் தள்ளாமல் தூக்குவதால் அச்செலவு குறையும். முதற் செலவு மட்டும் கூடும்.

ஒரு கிராமத்தில் 50 ஏக்கர் வயல் ஆறு அங்குல நீரில் மூழ்கியிருக்கிறது. வடிகாலின் வெளிமட்டம் வயலைவிட உயர்ந்திருப்பதால் ஐந்தடி ஏற்றி வெளியே விடவேண்டும் என்று கொள்ளலாம். ஒரு கியூசெக் நீர் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கர் அங்குலம் என்பது எளிதில் நினைவிலிருக்கும் கணக்கு. சுமார் இரண்டரை அடி விட்டமுள்ள ஒரு திருகு மூன்றரைக் கியூசெக் ஏற்றும். ஆக 300 ஏக்கர் அங்குலம் நீரை வெளியேற்ற 86 மணி நேரம், அதாவது மூன்றரை நாள் செல்லும். இந்த இறைப்புக்கு நீரளவில் இரண்டு குதிரைச் சக்தியே தேவை. யந்திர நஷ்டங்களைச் சேர்த்து ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் வைத்தால் தாராளம். இளம்பயிர் ஒருவாரத்துக்குமேல் முழுதும் மூழ்கினால் அழுகத் தொடங்குமாதலால், மூன்றரை நாள் என்பது பயிரைக் காக்கப் போதுமான அவகாசமே.

ஆயினும் இக்கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. இறைக்கும் நாட்களில் மழை விட்டிருக்க வேண்டும். தினம் இரண்டு அங்குல மழை தொடர்ந்தால் 50 ஏக்கரில் நாளொன்றுக்கு 100 ஏக்கர் அங்குலம் சேரும். இத்திருகோ இரவும் பகலும் ஓடி 84 அங்குலமே வெளியேற்றும். அடுத்த கிராமத்து நீரும் உள்ளே வருமானால் சொல்லவே வேண்டாம். சுற்றிலும் நல்ல கரையும், வடிகால் முகத்தில் கடல்நீர் ஏறாதபடி தானே மூடும் கதவும் இல்லாத இடத்தில் பம்பு வைப்பது ஓட்டைச் சாலால் இறைப்பதற்கு ஒப்பாகும். பல இடங்களில் அக்கரைக்கும் கதவுக்கும் செலவிடும் பணமே பாதிக் கஷ்டத்தைத் தீர்த்துவிடும். பம்பைப் பற்றி அதன்பின் யோசிக்கலாம்.

மின்சாரம் நிற்பதையும் முன்கூட்டியே எண்ணவேண்டும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ந் தேதி தானே புயல் கரையேறியபோது, கடலூர் ஜில்லாவில் கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. வடிகால் பம்பு வேண்டியிருப்பது அப்படிப்பட்ட நாட்களில்தான். திருகு மெதுவாகச் சுழல்வதாகையால் டீசல் எஞ்சினைப் பட்டையும் பல்சக்கரப் பெட்டியும் கொண்டு இணைப்பது எளிது. மோட்டாரும் பெட்டியும் சாய்வின் மேல்முனையில், வெள்ள மட்டத்துக்கு மேலே அமைவதும் இதன் சிறப்பாகும். கிணற்றுக்குள் இறக்கிய மோட்டாரைப்போல் வெள்ளத்தில் அது மூழ்குவதில்லை.

திருகின் நீளம், சாய்வு, மேல் விளிம்பின் உயரம் எல்லாம் கட்டும்போதே நிச்சயிக்கப்பட்டுவிடும். பின்னர் மாற்ற இயலாது. வெளிமட்டம் அந்த விளிம்புக்கு மேல் ஏறினால் ஏற்றிய நீரே திரும்பி வரும். ஆகையால் திட்டம் கோரும் கிராமத்தார் யந்திரத்தின் விலையைக் கேட்குமுன் தங்கள் நீர்மட்டங்களைத் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடிகாலின் மேலுள்ள மதகுச் சுவரில் அடையாளக்கோடு இட்டு, வயற்புறத்து மட்டத்தையும் வெளிப்புறத்து மட்டத்தையும், கடல் ஏற்றத்திலும் இறக்கத்திலும், தேதியோடு குறித்து வரலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வெளிமட்டம் அதிகமாயிருக்கும், அந்நாட்களைத் தவறவிடலாகாது. கோடிடுவதற்கு நீர்வளத் துறை உதவிப் பொறியாளரின் அனுமதி பெறவேண்டும். இரண்டு பருவத்துக் குறிப்புகளுடன் கிராம நிர்வாக அதிகாரியின் மழையளவுக் குறிப்பையும், மூழ்கும் நிலங்களின் சர்வே எண்களையும் இணைத்து, கரைக்கும் கதவுக்கும் ஆகும் உத்தேசச் செலவைத் தனியாகக் காட்டி அவ்விலாகாவுக்கு விண்ணப்பிக்கலாம்.